கயல்விழிக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள கயல்விழிக்கு,

இங்கு நாங்கள் நலம். அம்மாவின் முழங்கால் வலி முன்பு போலவே இருக்கிறது. சென்ற மாதம் உன் வேளச்சேரி வீட்டில் தங்கியிருந்தபோது பேச நினைத்தது தொலைபேசியிலும் வாய்க்கவில்லை; ஆகவே எழுதுகிறேன்.

உன் சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே அடுக்கியிருந்த கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டிகளைப் பற்றியதுதான் இது. நீ கழுவித்தான் வைத்திருந்தாய். ஆனாலும் மூடிகளில் குழம்பின் மஞ்சள் கறை போகவில்லை. எல்லாமே ஒருவர் சாப்பிடும் அளவுள்ள பெட்டிகளாக இருந்தன. எண்ணெய் ஊறிய அந்தப் பெட்டிகளைக் காயலான் கடைக்காரர் வாங்க மாட்டார். குப்பை வண்டியில் போட்டால் அவை கடைசியில் குப்பைமேட்டுக்குத்தான் போகும். 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பைமேடு தீப்பற்றி நாள்கணக்கில் புகைந்தபோது, சன்னலைத் திறக்க முடியவில்லை என்று நீதான் வருந்திச் சொன்னாய். அதை ஒட்டிய பள்ளிக்கரணைச் சதுப்புநிலம், உலக அளவில் முக்கியமான சதுப்புநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றதும் அதே ஆண்டில்தான்.

உன் திருமணத்தின்போது, தாம்பூலப் பை துணியில்தான் இருக்க வேண்டும், பந்தியில் தண்ணீர் பாட்டில் வைக்கக் கூடாது என்று நீ பிடிவாதமாக நின்றதை இன்றும் உறவினர்களிடம் பெருமையாகச் சொல்லி வருகிறேன். மாப்பிள்ளையும் அன்று தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாகத் தண்ணீர் ஊற்றினார். அப்படிப்பட்டவள் வீட்டில் அடுப்பே எரியாத நாட்கள் இத்தனை இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அலுவலகம் விட்டுக் களைத்து வருகிறாய் என்பது தெரியாமல் இல்லை. ஒரு ரசமும் சோறும் போதும்; வாரத்தில் சில நாட்களாவது அடுப்பைப் பற்ற வை. முடியாத நாளில் தெருமுனை மெஸ்ஸுக்கு எவர்சில்வர் டிபன் கேரியரைக் கொண்டுபோய் வாங்கி வா. 2019 ஜனவரி முதல் தேதியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கை அரசு தடை செய்தபோது ஊரெல்லாம் பாத்திரத்தோடு கடைக்குப் போனதை நீயும் பார்த்தாய்.

அடுப்பு எரிந்தால் காய்கறித் தோல் சேரும். அதையும் குப்பையில் போடாதே. ஓட்டை உள்ள மண்தொட்டியில் முதலில் காய்ந்த இலையைப் பரப்பி, அதன்மேல் தோலைப் போட்டு, தேங்காய் நார்க்கழிவால் மூடிக்கொண்டே வா. சிறிது புளித்த மோரைத் தெளித்தால் விரைவில் மக்கும். நாற்றம் வந்தால் ஈரம் மிகுந்துவிட்டது என்று பொருள். காய்ந்த இலையை இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கிளறிவிடு, போதும்.

தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் ஒரு குடம் நல்ல நீருக்கு இரண்டு, மூன்று குடம் நீரைக் குழாய் வழியே சாக்கடைக்கு அனுப்புகிறது. அதை வாளியில் பிடித்துத் தரை துடைக்கவும் கழிவறைக்கும் பயன்படுத்து. உப்பு மிகுந்தது என்பதால் செடிகளுக்கு வேண்டாம். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வந்து இறங்கிய நகரத்தில் இருக்கிறோம் என்பதை மறந்துவிடாதே. படுக்கையறை ஏ.சி.யை 18இல் வைக்காமல் 24இல் வைத்து மின்விசிறியையும் போட்டுக்கொள். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சமாகும் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் சொல்கிறது. தனியாக இருப்பவர்களுக்குக் குளிர் அதிகமாகவே தெரியும்.

எப்படியும் அடுப்பைப் பற்ற வை. நீ நன்றாகச் சாப்பிடுகிறாயா என்று அம்மா தினமும் என்னிடம் கேட்கிறாள். உன்னிடம் கேட்கத் தயங்குகிறாள்.

மண்தொட்டி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். மாப்பிள்ளை வீட்டில் இருக்கும் நாளாகப் பார்த்துச் சொன்னால், அம்மாவும் நானும் அதை எடுத்துக்கொண்டு வருகிறோம். அப்படி ஒரு நாள் இப்போதைக்கு இல்லையென்றாலும் எழுது, அப்போதும் வருகிறோம்.

அன்புடன்,
அப்பா