கோமுவுக்கு, சிங்காநல்லூரிலிருந்து

அன்புள்ள கோமு,

உன் போன் வந்தப்போ பேரன் மடியில் கிடந்தான், சரியாகப் பேசமுடியவில்லை. "தஞ்சாவூர்ன்னா கச்சேரி, மதுரைன்னா கரகாட்டம், உங்க கோயமுத்தூருக்கு என்னங்கத்தை, மோட்டார் சத்தமா?" என்று உன் மருமகள் கேட்டதாகச் சொன்னாயே. நீ சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டாய். எனக்கோ இரண்டு நாளாக அதே நினைப்பு.

மோட்டார் சத்தம் என்றால் என்ன இப்போ? 1888-லேயே இங்கே ஸ்டேன்ஸ் மில் வந்துவிட்டது. 1930களில் நீலகிரியின் பைக்காராவிலிருந்து கரண்ட் வந்த பிறகு மில்லுக்கு மேல் மில்லாக முளைத்தது. நம் வீடுகளில் யார் கடிகாரம் பார்த்தார்கள்? மில்லில் ஊதுகிற முதல் சங்குக்கு அம்மா எழுந்திருப்பாள், இரண்டாம் சங்குக்குள் அப்பாவின் தூக்குப்போசி நிறைந்திருக்கணும். ராத்திரி ஷிப்ட் முடிந்து வருகிற அப்பாவின் புருவத்தில்கூடப் பஞ்சு ஒட்டியிருக்கும். அந்த மில் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. சங்கும் போச்சு. அது பாட்டு இல்லைதான், ஆனால் ஊரே ஒரு தாளத்துக்கு நடந்தது அதை வைத்துத்தான்.

சரி, முக்கியமான சேதிக்கு வருகிறேன். சிரிக்காதே. 62 வயசில் வள்ளிக்கும்மி பழகிக்கொண்டிருக்கிறேன், வள்ளி முருகன் கதையைப் பாடிக்கொண்டே ஆடுவோமே, அதுதான்.

பொழுதோட மாரியம்மன் கோயில் திடலில் கூடுவோம். வாத்தியார் ஒரு அடி பாடுவார், நாங்கள் அதை வாங்கிப் பாடிக்கொண்டே அடி வைக்கணும். குனிந்து ஒரு தட்டு, நிமிர்ந்து ஒரு தட்டு, சுழன்று திரும்பி இன்னொன்று. சொல்ல சுலபம். முதல் வாரம் எல்லாரும் வலப்பக்கம் திரும்ப நான் மட்டும் இடப்பக்கம் திரும்பி, ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் மேல் மோதிவிட்டேன். "அம்மாயி, அக்கட்ட திரும்புங்க" என்று தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டாள். கணுக்கால் வீங்கி, தைலம் தேய்க்காத ராத்திரி கிடையாது. இருந்தாலும், முருகன் கிழவனாக வந்து தினைமாவு தின்று விக்கித் தண்ணீர் கேட்கும் இடம் வந்தால் வலி ஞாபகமே வருவதில்லை.

முன்பெல்லாம் இது ஆம்பளைகள் ஆட்டம். என் அப்புச்சி ஆடியிருக்கிறார், அம்மாயி வாசலில் நின்று பார்த்ததோடு சரி. மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டி பத்திரப்பன் ஐயா பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். 2024-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தபோது எங்கள் திடலில் பொங்கல் வைத்துக் கொண்டாடாத குறைதான்.

உன் மருமகளுக்குச் சொல், நம்முடையது உட்கார்ந்து கேட்கிற பாட்டு இல்லை. வட்டத்துக்குள் வந்து நின்றால்தான் காதில் விழும். உன் கல்யாணத்துக்கு முந்தின மாசம் என் கல்யாணத்தில் மங்கல வாழ்த்துப் பாடினார்களே, நினைவிருக்கிறதா? கம்பர் பாடியது என்பார்கள். குடிமகன், அதான் நம் ஊர் நாவிதர், ஒவ்வொரு அடியாகச் சொல்லச் சொல்ல, மத்தளத்தில் ஒரு தட்டு விழும். நீ காதோரம் வந்து, "எத்தனை தட்டுடி பாக்கி, பசிக்குது" என்றாய்.

உங்கள் வீட்டு விஜயதசமியை மட்டும் மறப்பேனா? ராஜவீதியில் சௌடேஸ்வரியம்மன் ஊர்வலம். உன் அண்ணன் கத்தியால் தன் உடம்பில் அடித்துக் கத்தி போட்டுக்கொண்டு வர, "தீசுக்கோ தாயே", ஏற்றுக்கொள் தாயே என்று தெரு முழுக்கக் குரல். உங்கள் அம்மா அடுப்படியில் கன்னடம், வாசலில் தமிழ், சாமியிடம் தெலுங்கு. எனக்கு ஒரு சொல்லும் புரியாது, ஆனால் மயிர்க்கூச்செடுக்கும். இந்த ஊரின் குரல் எது என்று கேட்டால் நான் அதையும் சேர்த்துத்தான் சொல்வேன்.

ஒரு வெசனமும் உண்டு, உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல? போன மாசம் பக்கத்துக் கிராமத்தில் ஒரு அரங்கேற்றத்துக்குப் போயிருந்தோம். முதலில் ஜமாப் மேளம். அந்த அடி கேட்டால் கல்லுக்கும் கால் வரும். அடித்தவர்கள் சின்னப் பையன்கள், முதுகெல்லாம் வேர்வை. ஆட்டம் முடிந்ததும் வந்த ஒறம்பரைக்கும் எங்களுக்கும் பந்தி. பையன்களுக்கு வேன் பக்கத்தில் பொட்டலம். மேடையில் ஒரு பெரிய மனுசர், கும்மி எங்கள் சாதிச் சொத்து என்று முழங்கிக்கொண்டிருந்தார். வள்ளி வேடர் வீட்டில் வளர்ந்தவள் சாமி! இரண்டு மணி நேரம் அவள் கதையைப் பாடிவிட்டு இப்படிப் பேச வாய் எப்படி வருகிறது? எழுந்து கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. இலையில் வைத்த மைசூர்பாகு அப்படியே இருந்தது.

மறுநாள் வாத்தியாரிடம் மட்டும் சொன்னேன், நம் அரங்கேற்றத்தில் ஜமாப் பையன்களும் எங்களோடு ஒரே பந்தியில் உட்காரவில்லையென்றால் நான் ஆட வரமாட்டேன் என்று. அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "பேசிப் பார்க்கறனுங்க அம்மிணி" என்றார். பேசிக்கொண்டே இருக்கிறார்.

அடுத்த மாசம் பௌர்ணமிக்கு எங்கள் அரங்கேற்றம். மருமகளையும் கூட்டிக்கொண்டு வா. எல்லாருக்கும் ஒரே பச்சைச் சேலை, உனக்கும் சேர்த்துச் சொல்லிவைத்திருக்கிறேன், கடைசி வரிசையில் நின்று தட்டினால் போதும். ரவிக்கை அளவு மட்டும் உடனே அனுப்பு. உன் கல்யாண அளவு என்னிடம் இருக்கிறது, அதை வைத்து ஒன்றும் ஆகாது.

உன்,
சரசு