பிசிஆர் எந்திரத்துக்கு முன்னால் நின்றவர்களுக்கு நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

தொற்றுநோய்க்கு ஆயிரக்கணக்கில் பரிசோதனை செய்யவேண்டும் என்றால் உடனே பிசிஆர் (கிருமியின் மரபுப்பொருளைப் பல மடங்கு பெருக்கிக் கண்டறியும் முறை) எந்திரங்களின் எண்ணிக்கையைத்தான் கேட்கிறார்கள். 384 சிறு குழிகளில் மாதிரிகள் வைத்த பிளேட்டை ஓர் எந்திரம் இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடும். வேலை தேங்குவது அதற்கு முன்னால்: குழாய் திறப்பதில், பதிவதில், மாதிரியிலிருந்து ஆர்என்ஏவை (வைரஸின் மரபுப்பொருள்) பிரிப்பதில். அங்கே கைகொடுத்தவர்களுக்கே இந்த மடல்.

உமிழ்நீர் தந்த தன்னார்வலர்களே, சாப்பிட்டு அரை மணி நேரம் பொறுத்து, நுரையில்லாமல் 1 மில்லி தந்தீர்கள். நுரை இருந்தால், மாதிரியை அளந்து எடுக்கும் பைப்பெட் காற்றை உறிஞ்சும். மாதிரி சரியாக வந்ததா என்று காட்டும் மனித மரபணுவுக்கான கட்டுப்பாடுகூட எழாது, மறுபடி மாதிரி கேட்க வேண்டியதுதான். 95 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கி, ஆர்என்ஏ பிரிக்காமலே பிசிஆருக்குப் போக முடிந்தது உங்கள் பொறுமையால்.

லேபிளை மூடியில் ஒட்டாமல் குழாயின் உடலில் ஒட்டிய மாதிரி சேகரிப்பாளர்களுக்கும் நன்றி. மூடிகள் மாறும், குழாய் மாறாது.

மாதிரிகளைக் கலந்து சோதிக்கும் வழியை 1943இல் பொருளியலாளர் ராபர்ட் டார்ஃப்மன் சொல்லிவிட்டார்: கலவையில் தொற்று தெரிந்தால் மட்டும் அதிலுள்ள ஒவ்வொருவரையும் தனியாகச் சோதிப்பது. எத்தனையைக் கலப்பது என்பதில்தான் சிக்கல். நூற்றில் ஒருவருக்குத் தொற்று என்றால், எட்டெட்டாகக் கலக்கையில் ஆளுக்குச் சுமார் 0.2 சோதனை போதும். நூற்றில் பத்துப் பேருக்கு என்றால் அது 0.69 ஆகிவிடும், நான்காகக் கலந்தால் 0.59. தொற்று ஏறும்போது எட்டைக் கட்டிக்கொண்டு அழாதீர்கள் என்று எச்சரித்த புள்ளியியல் நண்பருக்குத் தனி வணக்கம். எட்டாகக் கலந்தால் சிடி மதிப்பு (வைரஸ் தெரிய எத்தனை பெருக்கச் சுற்றுகள் வேண்டும் என்ற எண்) சுமார் 3 கூடும் என்பதையும் அவர் விடவில்லை. தனியாக 36இல் தெரியும் மாதிரி கலவையில் நழுவிவிடலாம்.

நிரலாளருக்கு: எதிர்மறைக் கட்டுப்பாட்டுக் குழிகளை (வைரஸ் இல்லை என்று முன்பே தெரிந்தவை) சமச்சீரற்ற இடங்களில் வைக்கச் சொன்னது சின்ன யோசனைதான், ஆனால் பெரிய காப்பு. 96 குழி பிளேட்டைத் திருப்பி வைத்தால் முதல் குழியான ஏ1 இருக்கவேண்டிய இடத்தில் கடைசிக் குழியான எச்12 வந்து நிற்கும். கட்டுப்பாடுகள் இடம் மாறித் தெரிந்தால் மென்பொருள் முடிவை வெளியிடாது.

துப்புரவுப் பணியாளர்களே, பெருக்கிய டிஎன்ஏவின் ஒரு துளி மேசையில் சிந்தினாலும் போலி நேர்மறைகள் கிளம்பும். முன்பு பெருக்கிய டிஎன்ஏவின் மிச்சத்தைச் சிதைக்கும் யுஎன்ஜி நொதி ஓரளவுக்குத்தான் காக்கும். தூய அறையிலிருந்து பெருக்கும் அறைக்கு மட்டும் போகும் ஒருவழிப் பாதையை நீங்கள்தான் காத்தீர்கள். ஆர்என்ஏ பிரிக்கப் பயன்படும் குவானிடின் என்ற வேதிப்பொருள் கலந்த கழிவில் ப்ளீச் பட்டால் நச்சு வாயு எழும்; அந்தக் கலனைத் தனியே வைத்ததற்கு எங்கள் நுரையீரலும் நன்றி சொல்கிறது.

கிடங்குப் பொறுப்பாளருக்கு: புதிய தொகுதி வினைப்பொருள் வரும்போதெல்லாம் பழையதில் ஒரு பெட்டி மிச்சம் வைத்தீர்கள். இரண்டையும் ஒரே நாளில், ஒரே மாதிரிகளில் ஓட்டி ஒப்பிட அதுவே வழி.

அன்புடன்,
ஆய்வுக் குழுவினர்