தள்ளுகிறதா, இழுக்கிறதா?

அன்பின் நண்பிக்கு,

உன் கடிதம் போன கிழமை வந்து சேர்ந்தது. அம்மாவின் கண் ஒப்பரேசன் நல்லபடி முடிந்து, இப்போது தானே பேப்பர் வாசிக்கிறா என்று அறிந்து பெரிய நிம்மதி. இங்கே லண்டனில் நாங்கள் எல்லோரும் சுகம். மூத்தவள் அடுத்த மாதம் வேறு ஆஸ்பத்திரிக்கு மாறிப் போகிறாள், வீடு பார்க்கிறாள், அந்தக் கதையைப் போனில் சொல்கிறேன். நீ கடைசியில் அவசரமாக எழுதியிருந்த விஷயம்தான் என் மனதை விட்டுப் போகவில்லை: இரவு இரண்டு மணிக்கு ஒரு றக்கூன், குப்பைத்தொட்டி கிண்டித் தின்னும் அந்தக் காட்டு மிருகம், குசினிக்குள் இருந்துகொண்டு உன் பூனை கறுப்பியின் சாப்பாட்டை இரண்டு கையாலும் அள்ளித் தின்றது, கறுப்பி பிரிட்ஜுக்கு மேலே ஏறி நின்று நடுங்கியது என்று எழுதியிருந்தாய். பூனை போய்வர வைத்த சின்னப் பூனைக்கதவைப் பலகை அடித்து மூடிவிடலாமா, அல்லது இலத்திரனியல் கதவு வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். மூடாதே. ஐந்து வருடம் போய் வந்த வழியை அதற்கு ஏன் அடைக்க வேண்டும்?

எங்களுக்கும் இது நடந்தது, வந்தது றக்கூன் அல்ல, பக்கத்துத் தெருக் கடுவன் பூனை. செம்மஞ்சள் நிறம், ஒரு காது கிழிந்தது. எங்கள் பூனை சீனியின் தட்டை வழித்துத் துடைத்துவிட்டுப் போவது மட்டும் என்றால் பொறுத்திருப்பேன், போகும்போது திரைச்சீலையில் மூத்திரம் அடித்துவிட்டுப் போகும். சீனி மெலிந்துகொண்டு வந்தது. சப்பாத்துகளுக்குள் சலம் போகத் தொடங்கியது. மிருக வைத்தியரிடம் கொண்டு போனால், சிறுநீர்ப்பையில் அழற்சி, பூனைகளுக்கு மனஅழுத்தத்தாலும் இப்படி வரும், வீட்டில் என்ன மாறியது என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, அதன் சொந்த வீட்டுக்குள்ளேயே அது பயந்து பயந்து இருந்திருக்கிறது என்று. நம் வீடுகளில் அம்மாமார் மீன்குழம்புச் சட்டியை உறியில் தூக்கி வைத்துவிட்டு ஊர்ப்பூனையை மறந்துவிடுவார்கள். சாப்பாட்டைக் காப்பாற்ற உறி போதும், ஒரு மிருகம் பயமில்லாமல் தூங்க அது போதாது.

நான் முதலில் செய்த பிழையை நீ செய்யக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். மலிவாக இருக்கிறது என்று காந்தப் பூட்டுக் கதவு ஒன்று வாங்கினேன். பூனையின் கழுத்துப் பட்டியில் சிறிய காந்தம் தொங்கும், அது கிட்ட வந்தால் பூட்டு விலகும். மூன்றாம் நாளே செம்மஞ்சளான் உள்ளே நிற்கிறான். பார்த்தால் அவன் கழுத்திலும் ஒரு காந்தம்! அவன் வீட்டிலும் அப்படி ஒரு கதவு. காந்தத்துக்கு இவன் யார், அவன் யார் என்று தெரியாது, காந்தம் என்றால் காந்தம்தான். அதைவிட, சீனி ஒருநாள் பின்வளவில் இருந்து வரும்போது கழுத்தில் ஒரு துருப்பிடித்த ஆணி ஒட்டிக்கொண்டு வந்தது. அன்றைக்கே பட்டியைக் கழற்றிவிட்டேன்.

அதன்பிறகுதான் மைக்ரோ சிப் வாசிக்கும் கதவுக்குப் போனேன். பூனைக்கு அடையாளத்துக்குப் போடும் அரிசிமணி அளவு சிப் தோள்களுக்கு நடுவே தோலுக்குக் கீழே இருக்கிறதல்லவா, அதற்குள் பற்றரி எதுவும் இல்லை. பூனை தலையை நீட்டும்போது கதவின் வாயைச் சுற்றியிருக்கும் கம்பிச்சுருள் ஒரு அலையை அனுப்ப, அந்த அலையின் சக்தியிலேயே சிப் தன் இலக்கத்தைத் திருப்பிச் சொல்கிறது. இலக்கம் சரியென்றால் பூட்டின் திறாங்கு விலகும். கழுத்தில் எதுவும் கட்டத் தேவையில்லை, தொலைக்கவும் எதுவும் இல்லை. இங்கே இங்கிலாந்தில் 2024 ஜூன் 10 முதல் பூனைக்குச் சிப் கட்டாயம், 20 கிழமை வயதுக்குள் போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் 500 பவுண் வரை தண்டம். சீனிக்கு அதற்கு எவ்வளவோ முன்பே போட்டிருந்தோம். கேம்பிரிட்ஜில் நிக் ஹில் என்ற இயற்பியலாளர் தன் பூனை பிளிப்பரின் வீட்டுக்குள் அயல் பூனைகள் வந்து தொல்லை தருவதைப் பொறுக்க முடியாமல்தான் சுவர்பிளாப் என்ற கதவைச் செய்தார். நாங்கள் வாங்கியதும் அதுதான்.

இனி உன் வீட்டு விஷயம். கவனமாக வாசி, கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார். இப்படியான கதவுகளில் சாதாரண ரகம், உள்ளே வருகிற பிராணியைத்தான் சோதிக்கும். வெளியே போவதற்கு யாரையும் கேட்காது, வாயில் தொங்கும் தட்டி வெளிப்பக்கம் தாராளமாக ஆடும். எங்கள் கடுவனுக்கு அது போதும், பூனை தலையால் தள்ளிப் பார்க்கும், திறக்காவிட்டால் போய்விடும். றக்கூன் தள்ளாது, இழுக்கும். அதன் முன்பாதத்தில் ஐந்து விரல், மூளையில் தொடுகையை உணரும் பகுதியில் பெரிய பங்கு அந்த விரல்களுக்கே போகிறது. தட்டியின் கீழ் விளிம்பில் நகத்தைக் கொடுத்துத் தன் பக்கம் இழுத்தால், வெளிப்பக்கம் பூட்டில்லாத கதவு அப்படியே திறந்துவிடும். உங்கள் ரொறன்ரோ நகரசபை 2016இல் றக்கூன் திறக்காது என்று பூட்டு வைத்துக் கொடுத்த பச்சைக் குப்பைத் தொட்டியையே சிலது திறந்துவிட்டன. ஆகவே இரண்டு பக்கமும் பூட்டுகிற கதவுதான் உனக்கு வேண்டும். உள்ளே வரவும் வெளியே போகவும் சிப்பை வாசிக்கிற ரகம் ஒன்று இருக்கிறது. சிலவற்றில், வெளியிலிருந்து இழுக்கப் பழகிய மிருகங்களுக்காகவே கூடுதல் காவல் அமைப்பு ஒன்று இருக்கும், அதைப் போட்டால் பூனை வெளியே போகும்போதும் ஒரு டிக் சத்தம் கேட்கும். பெட்டியில் இது இல்லையென்றால் எவ்வளவு மலிவென்றாலும் வாங்காதே.

அளவு அடுத்தது. சுவர்பிளாப்பில் பூனை அளவுக் கதவின் வாய் 142 மில்லிமீற்றர் அகலம், 120 உயரம். பெரிய ரகம் 178க்கு 170. கறுப்பி பெருத்த பூனை என்று நினைத்துப் பெரியதை எடுத்துவிடாதே, வாய் அகலமாக அகலமாக றக்கூனுக்கும் வசதி. ஒரு மட்டையில் 142க்கு 120 ஓட்டை வெட்டி, அந்தப் பக்கம் இறால் வைத்துப் பார், கறுப்பி நுழைந்தால் சின்னதே போதும்.

உன் பின்கதவு எதனால் செய்தது? நீ எழுதவில்லை. கனடாவில் குளிருக்காக இரும்புத்தகடு போட்ட கதவுகள் நிறைய இருக்கும், இரும்பு பக்கத்தில் இருந்தால் சிப் வாசிப்பு குழம்பும், அதற்கென்று ஓட்டையைப் பெரிதாக வெட்டி இடையில் வைக்கிற சட்டம் தனியாக வாங்க வேண்டும். இரட்டைக் கண்ணாடிக் கதவு என்றால், தயவு செய்து யாரையும் வெட்டவிடாதே, உறுதியாக்கிய கண்ணாடியில் துளை போட்டால் முழுவதும் நொறுங்கும், ஓட்டையோடேயே புதுக் கண்ணாடி செய்விக்க வேண்டும். நிலவறை யன்னல் ஒன்றைக் கழற்றி அந்த இடத்தில் ஒட்டுப்பலகை அடித்துக் கதவைப் பொருத்துவதுதான் உனக்குச் செலவு குறைந்த வழி என்று நினைக்கிறேன். விளிம்பெல்லாம் காற்றுப் புகாமல் வடிவாக அடைக்கச் சொல்லு, உங்கள் ஜனவரிக் குளிர் எங்கள் குளிர் மாதிரி அல்ல.

வாங்குவதற்கு முன் கறுப்பியை வைத்தியரிடம் கொண்டுபோய்ச் சிப்பை ஒருமுறை வாசிக்கச் சொல்லு. சிப்பின் இலக்கம் 15 தானத்தில், அதாவது 15 எண்களில், இருந்தால் பிரச்சினை இல்லை, வட அமெரிக்காவில் பழைய 9, 10 தானச் சிப்புகளும் உண்டு, அப்படியென்றால் கதவு அதை வாசிக்குமா என்று கேட்டு வாங்கு. சிலதுக்குச் சிப் தோளிலிருந்து கால் பக்கம் இறங்கியிருக்கும், அப்போது தலையை நீட்டினாலும் கதவுக்குத் தெரியாது. அதே நேரம் விசர்நோய்த் தடுப்பூசித் திகதியையும் பார்த்துவிடு. உங்கள் மாகாணத்தில் அது சட்டம் என்பது ஒருபுறம் இருக்க, றக்கூன் வந்து போன வீடு அது. அது எங்காவது எச்சம் போட்டிருந்தால் வெறுங்கையால் தொடாதே, அதில் மனிதருக்கும் ஆபத்தான வட்டப்புழுவின் முட்டை இருக்கலாம்.

பற்றரி நாலு வேண்டும், சாதாரண அல்கலைன் பற்றரி. திரும்பச் சார்ஜ் பண்ணுவதைப் போடாதே, அதன் மின்னழுத்தம் குறைவு, கதவு சோர்ந்துவிடும். எனக்கு வருடத்தில் ஒருமுறைதான் மாற்ற வேண்டியிருக்கிறது.

சில கதவுகளில் நேரம் குறித்துப் பூட்டும் வசதியும் உண்டு, இரவு எட்டுக்குப் பூட்டினால் காலை ஆறுக்குத்தான் திறக்கும். இரவில் உலாவுகிற றக்கூனுக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை, நீ கட்டாயம் இதைப் பாவி. குறிப்புப் புத்தகத்தில் இந்த வசதிக்கு ஊரடங்கு என்றே பெயர் போட்டிருந்தார்கள். அந்தச் சொல்லைப் பார்த்ததும் என் கை நின்றுவிட்டது. ஜாம்போத்தல் விளக்கைச் சுற்றி இருந்து, நீயும் நானும் ஒரே புத்தகத்தில் படித்த அந்த இரவுகள். நாய் குரைத்தால் விளக்கை ஊதி அணைப்போம், நினைவிருக்கிறதா? கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு, பிறகுதான் நேரத்தைக் குறித்தேன். சீனிக்கு இரவு ஒன்பது மணி.

அப்புறம், பழக்குவதில் அவசரப்படாதே. எங்கள் வீட்டில் பதினொரு நாள் எடுத்தது. முதல் நாலு நாள் தட்டியை நாடா ஒட்டி முழுதாகத் திறந்தே வைத்தேன், பிறகு நாளுக்குக் கொஞ்சமாக இறக்கினேன். பூட்டு விலகும் டிக் சத்தம்தான் சீனிக்குப் பயம். தலையை நீட்டும், டிக் என்றதும் பின்வாங்கி, இரண்டு காதையும் மடித்துக்கொண்டு என்னைப் பார்க்கும். நான் பின்படியில் குந்தியிருந்து மீன் துண்டைக் காட்டிக்கொண்டே இருந்தேன். பன்னிரண்டாம் நாள் காலையில் தேத்தண்ணி போட்டுக்கொண்டு நிற்கிறேன், பின்னால் டிக், அடுத்தது தட்டி விழுந்த சத்தம், திரும்பினால் முதுகெல்லாம் மழைத்துளியோடு சீனி குசினி நடுவில் நின்று வாலை நிமிர்த்திக்கொண்டு என்னைக் கூப்பிடுகிறது. இப்போது தட்டில் பாதியை மிச்சம் வைத்துவிட்டு வெளியே போகிறது, வந்து மீதியைச் சாப்பிடுகிறது. முந்தி அப்படி வைத்துவிட்டுப் போகவே போகாது.

கதவு வரும்வரை இரவில் சாப்பாட்டுத் தட்டை எடுத்து அலுமாரிக்குள் வை, ஓட்டைக்கு முன்னால் பாரமான எதையாவது தள்ளி வை. பின்கதவையும் நிலவறை யன்னலையும் படம் எடுத்து, அளவுகோல் வைத்து எடுத்தால் நல்லது, ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு. உனக்கு மத்தியானம் பன்னிரண்டு மணிபோல் எடுக்கிறேன். அம்மாவிடமும் கொஞ்சம் கதைக்க வேண்டும், போனை அவவிடம் கொடு.

அன்புடன்,
உன் நண்பி