தீர்ப்பு வந்த பிறகும் தீராத வேலை: சங்கத்திலிருந்து விலக நினைக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

வணக்கம். நம் துப்பாக்கிச் சங்கத்தின் செயற்குழுவிலிருந்து விலகிக்கொள்வதாக நீங்கள் அனுப்பிய மின்னஞ்சலைப் படித்தேன். அமெரிக்க உச்ச நீதிமன்றமே நம் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டது, வெளியே துப்பாக்கி எடுத்துச் செல்வதற்கான பெர்மிட்டும் கையில் வந்துவிட்டது, இனிக் கூட்டம் போட்டு என்ன ஆகப்போகிறது என்று கேட்டிருந்தீர்கள். கேட்பதில் தவறே இல்லை. நியூ ஜெர்சியில் உங்களைப் போலவே எண்ணி ஒதுங்கிக்கொண்டவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள் என்பதால், உங்களுக்கான பதிலைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

2022 ஜூன் 23 அன்று புருயென் வழக்கில் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பு வந்தபோது நமக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை நான் மறக்கவில்லை. நியூயார்க்கில் 1911-இன் சல்லிவன் சட்டத்தின் வழிவந்த உரிம விதிகளின்படி, வெளியே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்ல விரும்பும் சாதாரணக் குடிமகன், மற்றவர்களுக்கு இல்லாத தனிக் காரணம் தனக்கு இருப்பதாக அதிகாரியிடம் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. அந்த நிபந்தனையைத்தான் நீதிமன்றம் நீக்கியது. நம் மாநிலத்திலும் அதே நிலைதான் இருந்தது. மறுநாளே நியூ ஜெர்சி அரசு அந்த நிபந்தனையைக் கைவிட்டது. உங்கள் பெர்மிட் அப்படித்தான் வந்தது.

ஆனால் அதன் பிறகு நடந்ததையும் நினைத்துப் பாருங்கள். தீர்ப்பு வந்த எட்டே நாளில், ஜூலை 1 அன்று, நியூயார்க் சட்டமன்றம் சிறப்புக் கூட்டம் கூட்டிப் புதிய சட்டம் இயற்றியது. பதினாறு மணி நேர வகுப்பு, இரண்டு மணி நேரச் சுடுபயிற்சி, நான்கு பேரின் நற்சான்று, மூன்றாண்டுச் சமூக ஊடகக் கணக்குகளின் பட்டியல் என்று நிபந்தனைகள் வந்தன. பூங்கா, சுரங்க ரயில், திரையரங்கு, டைம்ஸ் சதுக்கம் எல்லாம் துப்பாக்கி கொண்டு செல்லக் கூடாத இடங்களாயின. நம் அப்போதைய ஆளுநரும் அதே ஆண்டு டிசம்பர் 22 அன்று அதே பாணியில் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். 50 டாலராக இருந்த விண்ணப்பக் கட்டணம் 200 டாலர் ஆனது. வாரக்கூலி வாங்கும் ஒருவர் கட்டணத்தையும் பயிற்சிச் செலவையும் விடுப்பு எடுப்பதால் இழக்கும் கூலியையும் கூட்டிப் பார்த்தால், அவருக்கு அந்த உரிமை ஏட்டளவில்தான் இருக்கிறது. நியூயார்க் சட்டத்தின் சமூக ஊடக நிபந்தனையைக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுத்திவைத்தது உண்மை. ஆனால் பெரும்பாலான விதிகளை அது நிற்கவிட்டது.

சிகாகோவில் நடந்ததை நீங்கள் விரிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். லூசியானாவின் குத்தகை விவசாயக் குடும்பத்தில் பிறந்து, சிகாகோ பல்கலைக்கழகத்தில் பராமரிப்புப் பொறியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓடிஸ் மெக்டொனால்டு என்ற கறுப்பினப் பெரியவரின் வீட்டில் பலமுறை திருடர்கள் புகுந்தார்கள். வேட்டைத் துப்பாக்கி வைத்திருந்தவர்தான் அவர். ஆனால் வீட்டுக்குள் சட்டென்று எடுத்துத் தற்காத்துக்கொள்ள ஒரு கைத்துப்பாக்கி வேண்டும் என்று கருதினார். நகரமோ 1982 முதல் அதைத் தடை செய்திருந்தது. அவர் வழக்குத் தொடுத்து, 2010 ஜூன் 28 அன்று உச்ச நீதிமன்றத்தில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் வென்றபோது அவருக்கு 76 வயது. நான்கே நாளில் மாநகர மன்றம் புதிய விதிகளைக் கொண்டுவந்தது. அதன்படி, கைத்துப்பாக்கி வைத்திருக்க வேண்டுமானால் சுடுதளத்தில் ஒரு மணி நேரம் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். ஆனால் பொதுமக்களுக்கான சுடுதளம் எதுவும் நகரத்துக்குள் இருக்கக் கூடாது. இரண்டையும் ஒரே விதித்தொகுப்பில் எழுதிவைத்தார்கள்.

அதை எதிர்த்து மறுபடியும் வழக்குப் போட வேண்டியிருந்தது. 2011-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சுடுதளத் தடையை நிறுத்தியது. உடனே நகரம், சுடுதளத்தை எங்கெங்கே கட்டலாம் என்று புதிய கட்டுப்பாடுகளை விதித்து, அனுமதிக்கப்பட்ட இடத்தை மிகச் சிறிய பகுதியாகச் சுருக்கியது. அது நீக்கப்பட்டது 2017-இல். நகரத்துக்குள் துப்பாக்கிக் கடையே கூடாது என்ற தடை 2014-இல்தான் விழுந்தது, அந்த ஆண்டு ஏப்ரலில் மெக்டொனால்டு காலமானார். சிகாகோ நண்பர்கள் தீர்ப்போடு ஒதுங்கியிருந்தால், அவருடைய வெற்றி ஒரு சட்டப் புத்தகத்தின் பக்கமாக மட்டும் மிஞ்சியிருக்கும்.

வழக்கு என்பது வழக்கறிஞர் பார்த்துக்கொள்வது, நமக்கு அதில் என்ன வேலை என்றும் எழுதியிருக்கிறீர்கள். தலைநகர் வாஷிங்டனில் கைத்துப்பாக்கித் தடையை எதிர்த்த வழக்கில் ஆறு பேர் சேர்ந்திருந்தார்கள். 2007-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்களில் ஐந்து பேருக்கு வழக்காடும் தகுதியே இல்லை என்று சொல்லிவிட்டது. மிஞ்சியவர் டிக் ஹெல்லர் என்ற பாதுகாவலர். பகலில் கூட்டாட்சிக் கட்டடம் ஒன்றில் துப்பாக்கி ஏந்திக் காவல் நின்ற அவருக்கு, இரவில் தன் வீட்டில் ஒன்றை வைத்துக்கொள்ள உரிமை இல்லை. அவர் முறைப்படி விண்ணப்பம் கொடுத்து, அது மறுக்கப்பட்டிருந்தது. மற்ற ஐவரிடமும் அப்படி ஒரு மறுப்பு இல்லை. 2008-இல், ஆயுதம் வைத்திருப்பது பற்றிய அமெரிக்க அரசியலமைப்பின் இரண்டாவது திருத்தம் தனிமனித உரிமையைக் காக்கிறது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு முழுவதும், கவுன்டரில் நிராகரிக்கப்பட்ட அந்த ஒற்றை விண்ணப்பத்தின் மேல் நிற்கிறது. வென்ற பிறகும் ஹெல்லர் ஓய்வெடுக்கவில்லை. நகரத்தின் புதிய பதிவு விதிகளை எதிர்த்து அவர் பெயரிலேயே மேலும் வழக்குகள் நடந்தன.

எதிர்த்தரப்பு பின்வாங்குவதாலும் நாம் இழக்க நேரிடும். உரிமம் பெற்ற கைத்துப்பாக்கியை நகர எல்லைக்கு வெளியே உள்ள சுடுதளத்துக்கோ வேறொரு வீட்டுக்கோ கொண்டுபோகக் கூடாது என்று நியூயார்க் நகரம் ஒரு விதி வைத்திருந்தது. உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை எடுத்துக்கொண்ட பிறகு, நகரமே விதியைத் தளர்த்தியது. 2020-இல் வழக்கு பொருளிழந்துவிட்டது என்று நீதிமன்றம் முடித்துவைத்தது. பல ஆண்டு உழைப்புக்குப் பிறகு, பிறர் மேற்கோள் காட்டத்தக்க ஒரு வரித் தீர்ப்புகூடக் கிடைக்கவில்லை. அந்த வழக்கைத் தொடுத்த நியூயார்க் மாநிலத் துப்பாக்கிச் சங்கத்தினர்தான் பிறகு புருயென் வழக்கையும் நடத்தினார்கள். அவர்கள் சோர்ந்து கலைந்திருந்தால் 2022-இன் வெற்றி வந்திருக்காது.

நீதிமன்றம் நமக்கு எல்லாவற்றையும் தந்துவிடவும் இல்லை, தர வேண்டும் என்று நானும் நினைக்கவில்லை. குடும்ப வன்முறை தொடர்பான தடையாணைக்கு உள்ளானவரிடம் ஆயுதம் இருக்கக் கூடாது என்ற சட்டத்தை 2024-இல் ரஹிமி வழக்கில் எட்டுக்கு ஒன்று என்று நீதிபதிகள் ஏற்றார்கள். எனக்கு அது சரியென்றே படுகிறது. நான் கவலைப்படுவது வேறு. ஹெல்லர், மெக்டொனால்டு இரண்டுமே ஒரே ஒரு நீதிபதியின் வாக்கில் வந்தவை. நீதிபதிகள் மாறுவார்கள். அயோவா மக்கள் 2022 நவம்பரில் வாக்களித்து இந்த உரிமையைத் தங்கள் மாநில அரசியலமைப்பிலேயே எழுதிக்கொண்டார்கள். நியூ ஜெர்சியின் அரசியலமைப்பில் அப்படி ஒரு சொல்லும் கிடையாது. அதை நமக்காக எந்த நீதிமன்றமும் எழுதித் தரப்போவதில்லை. அண்டை வீட்டாரிடம் பேசி, வாக்காளர்களைச் சேர்த்து, சட்டமன்ற உறுப்பினர்களைத் திரும்பத் திரும்பச் சந்தித்துத்தான் பெற முடியும்.

எதிர்த்தரப்பில் இருப்பவர்களைப் பாருங்கள். 2012-இல் சாண்டி ஹூக் பள்ளியில் குழந்தைகள் கொல்லப்பட்ட மறுநாள் தொடங்கப்பட்ட தாய்மார்கள் அமைப்பு, இன்றும் சிவப்புச் சட்டையணிந்து மாநிலத் தலைநகரங்களின் விசாரணை அறைகளில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறது. அவர்கள் கேட்கும் சட்டங்களை நான் எதிர்க்கிறேன். அவர்களுடைய துயரத்தையும் விடாமுயற்சியையும் மதிக்கிறேன். தோற்ற வழக்குகளுக்குப் பிறகும் அவர்கள் வருகிறார்கள், வென்ற பிறகு நாம் வராமல் இருக்கிறோம்.

நம்மவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். எச்-1பி விசாவில் இருக்கும் வரை பொதுவாகத் துப்பாக்கி வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டம் இடம் தருவதில்லை. கிரீன் கார்டு கிடைத்த பிறகே அந்த வழி திறக்கிறது. அப்படிப் பல ஆண்டு காத்திருந்து வரும் தமிழ்க் குடும்பங்களுக்கு, இரவில் கடை மூடிவிட்டுத் தனியாக வீடு திரும்புகிறவர்களுக்கு, யாரிடம் கேட்பது என்றே தெரிவதில்லை. சுட நினைக்கும் வரை விரல் விசைக்குப் போகக் கூடாது என்பதையும், வீட்டில் குழந்தை இருந்தால் துப்பாக்கி பூட்டிய பெட்டிக்குள்தான் இருக்க வேண்டும் என்பதையும் நீங்கள் அவர்களுக்குத் தமிழில், பொறுமையாகச் சொல்லிக் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். பாதுகாப்பாக நடந்துகொள்ளும் ஒவ்வொரு புதியவரும் நம் தரப்புக்கு ஒரு சாட்சி. அந்த வகுப்பை நடத்த உங்களைத் தவிர வேறு ஆள் இல்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். செயற்குழுப் பதவி பாரமாக இருந்தால் விட்டுவிடுங்கள். பதிலாக, விண்ணப்பப் பதிவேட்டை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். துப்பாக்கி வாங்குவதற்கான அடையாள அட்டைக்கு 30 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்று மாநிலச் சட்டம் சொல்லியும், சில ஊர்களில் மாதக்கணக்கில் இழுக்கிறார்கள் என்று உறுப்பினர்கள் சொல்கிறார்கள். வாய்ப்பேச்சை வைத்து வழக்குப் போட முடியாது. யார், எந்தத் தேதியில் கொடுத்தார், எந்தக் காகிதத்தைத் திரும்பக் கேட்டார்கள், எப்போது பதில் வந்தது, மறுத்திருந்தால் எழுத்தில் என்ன காரணம் சொன்னார்கள் என்பதை ஊர்வாரியாகக் குறித்து, நகல்களோடு கோப்பில் வைக்க வேண்டும். சம்மதமானால் இந்த வாரமே சொல்லுங்கள். என்னிடம் உள்ள பழைய நகல்களை உங்கள் வீட்டில் கொண்டுவந்து தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்