லேப் சாவியைக் கொடுங்கள்: பள்ளிக்கல்வி அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பள்ளிக்கல்வி அலுவலர்களுக்கு,

வணக்கம். உசிலம்பட்டிப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன் எழுதுகிறேன். முதியோர் பென்ஷன், பட்டா மாறுதல், சாதிச் சான்று என்று ஊராருக்கு மனு எழுதிக் கொடுத்துப் பழகிய கை. இந்த மனுவை மட்டும் யாரும் காசு கொடுத்து எழுதச் சொல்லவில்லை. நீங்கள் இதை ஏற்றுக்கொண்டால் என் கடையில் சாயங்கால வியாபாரம் பாதியாகப் படுத்துவிடும். அது தெரிந்துதான் எழுதுகிறேன்.

கேட்பது இதுதான். பிள்ளைகள் கணினியில் படிக்க வேண்டிய பாடத்தைப் பள்ளிக்கூட நேரத்துக்குள், பள்ளிக்கூட லேபுக்குள் வையுங்கள்.

எங்கள் பக்கத்துப் பள்ளி ஒன்றில் பத்தாம் வகுப்புக் கணக்கு டீச்சர் போன வாரம் பயிற்சிக்குப் போயிருந்தார். அவர் நடத்த வேண்டிய தேல்ஸ் தேற்றம் அன்று சாயங்காலம் வாட்ஸ்ஆப் குரூப்பில் லிங்க்காக வந்து இறங்கியது. 'வீடியோவைப் பார்த்துக் குறிப்பெடுத்து வரவும்.' மறுநாள் நோட்டு காலியாக இருந்த பிள்ளைகளை வராந்தாவில் நிற்க வைத்திருக்கிறார்கள். வீட்டில் போன் இல்லாத பிள்ளைகளும் வீடியோ பார்க்காத பிள்ளைகளும் அந்த வராந்தாவில் ஒரே வரிசை.

லிங்க் வந்த அன்று ராத்திரி நான் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தபோது ஒரு பிள்ளை அப்பத்தாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு வந்து நின்றது. வீட்டில் நல்ல போன் ஒன்றுதான், அது அப்பாவோடு திருப்பூரில் இருக்கிறது. அப்பத்தாவிடம் இருப்பது பட்டன் போன். கடையில் கணினிக்கு மணிக்கு 30 ரூபாய் என்று போர்டு போட்டிருக்கிறேன். அந்த அம்மா அதைப் பார்த்துவிட்டு இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். பிள்ளைக்கு ஹெட்போனை மாட்டி வீடியோவைப் போட்டுவிட்டேன். எங்கள் ஊர் நெட் உங்களுக்குத் தெரியாததல்ல, நடுவில் நின்று வட்டம் சுற்றத் தொடங்கியது. அப்பத்தா கேட்டார்: "ஏப்பா, இது சுத்துற நேரத்துக்கும் காசு உண்டா?"

இல்லை ஆத்தா, உங்களிடம் காசே வாங்க மாட்டேன் என்று சொன்னேன். சொல்லி என்ன, பிள்ளை காதில் அந்தக் கேள்வி விழுந்துவிட்டது. அதுவரை நிறுத்தி நிறுத்தி நோட்டில் எழுதிக்கொண்டிருந்தது, அதற்குப் பிறகு ஒரு இடத்திலும் நிறுத்தவில்லை. புரிந்ததோ இல்லையோ, ஓடவிட்டே பார்த்து முடித்தது.

வீடியோ பாடத்தின் பெரிய வசதியே நிறுத்திப் பார்க்கலாம், பின்னால் போய் மறுபடி கேட்கலாம் என்பதுதான். நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் "டீச்சர், திரும்பச் சொல்லுங்க" என்று கேட்கக் கூச்சப்படும் பிள்ளை, வீடியோவிடம் பத்துத் தடவை கேட்கலாம். அந்த வசதியைத்தான் மணிக் கணக்குக்குக் காசு கொடுத்துப் பார்க்கும் பிள்ளை முதலில் இழக்கிறது. வீட்டில் வைஃபை இருக்கிற பிள்ளைக்கு அது இலவசம்.

எழுந்து போகும்போது அந்தப் பிள்ளை என்னிடம் கேட்டது: "அண்ணே, அந்தக் கோடு இணையா இல்லாம கொஞ்சம் சாஞ்சு இருந்தா என்னாகும்?" நல்ல கேள்வி. முக்கோணத்தின் ஒரு பக்கத்துக்கு இணையாகக் கோடு போட்டால் மற்ற இரண்டு பக்கமும் ஒரே விகிதத்தில் பிரியும் என்று வீடியோ சொல்லிவிட்டது. சாய்ந்தால் என்ன ஆகும் என்று கேட்டால் அதற்குக் காது கிடையாது. வீணாய்ப் போன ஜெராக்ஸ் தாளைத் திருப்பிப் போட்டு, ஒரு கோட்டைச் சாய்த்து வரைந்து, இரண்டு பக்கத்தையும் ஸ்கேலால் அளக்கச் சொன்னேன். விகிதம் மாறியதைப் பார்த்ததும் பிள்ளைக்கு விளங்கிவிட்டது. வீடியோ பாதி வேலையை முடித்தது, மீதிப் பாதிக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. இரண்டையும் சேர்த்து நடத்துவதால் என்ன நன்மை என்று கூட்டங்களில் நீங்கள் பேசுவது இதைத்தானே?

அதே பள்ளிக்கூடத்தில் ஹைடெக் லேப் இருக்கிறது. கணினிகள் உறை போட்டு வரிசையாக இருக்கின்றன, புரொஜெக்டர் இருக்கிறது. ஆன்லைன் மதிப்பீட்டுத் தேர்வு வந்தால் திறக்கிறார்கள், யாராவது பார்வையிட வந்தால் திறக்கிறார்கள். மற்ற நாளில் பூட்டு. தலைமை ஆசிரியரைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு மவுஸ் உடைந்தால் அவருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வரும், வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடந்தால் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. அவர் இடத்தில் யார் இருந்தாலும் பூட்டத்தான் செய்வார்கள். அந்தப் பூட்டைத் திறக்க உங்கள் கையெழுத்து ஒன்று போதும்.

இப்போது மல்லிகை சீசன் வேறு. விடியுமுன் தோட்டத்தில் இறங்கி மொட்டு எடுத்து, அது மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு வண்டி ஏறிய பிறகுதான் பல வீட்டுப் பிள்ளைகள் குளித்துப் பள்ளிக்கூடம் கிளம்புகின்றன. முதல் பீரியட் போய்விடுகிறது. அது பெரும்பாலும் கணக்காகவோ அறிவியலாகவோ இருக்கிறது. விட்ட பாடத்தை மத்தியானம் லேபில் உட்கார்ந்து பார்க்க விட்டால் அந்தப் பிள்ளைகள் பின்தங்கவே மாட்டார்கள். அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் ஜோனதன் பெர்க்மன், ஆரன் சாம்ஸ் என்ற இரண்டு வேதியியல் வாத்தியார்கள் 2007-இல் தங்கள் பாடத்தை வீடியோவாக எடுக்க ஆரம்பித்ததும் இதற்குத்தான். விளையாட்டுப் போட்டிக்கும் மற்றதுக்கும் வெளியூர் போய் வகுப்பைத் தவறவிட்ட பிள்ளைகளுக்காக எடுத்தார்கள். வீட்டில் இணையம் இல்லாத பிள்ளைக்கு டிவிடியில் போட்டுக் கொடுத்தார்கள். முதலில் கருவி கையில் போய்ச் சேர்ந்தது, அப்புறம்தான் வீட்டுப்பாடம்.

அமெரிக்கக் கல்வித் துறை 2010-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, வகுப்பும் ஆன்லைனும் கலந்து படித்தவர்கள் வகுப்பில் மட்டும் படித்தவர்களைவிடச் சராசரியாகக் கொஞ்சம் நன்றாகச் செய்தார்கள் என்று சொன்னது. கலந்து படித்தவர்களுக்குப் பல இடங்களில் கூடுதல் நேரமும் கூடுதல் பாடப்பொருளும் கிடைத்திருந்தன, ஆன்லைன் என்பதற்காக மட்டும் வந்த பலன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள் என்றும் அதே அறிக்கை எச்சரித்தது. எங்கள் ஊரில் என்ன நடக்கிறது? டீச்சர் நேரத்தைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் லிங்க்கை வைக்கிறோம்.

புதிதாக எதுவும் கேட்கவில்லை. 2018-இல் பாடப்புத்தகத்தில் கியூஆர் கோடு வந்தது. 2019-இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. கொரோனா காலத்தில் எங்கள் ஊர் வீடுகளுக்குள் உண்மையாகவே நுழைந்தது அது ஒன்றுதான், ஏனென்றால் டிவி எல்லா வீட்டிலும் இருந்தது. 2021-இல் தன்னார்வலர்கள் சாயங்காலம் பாடம் சொல்லித்தரும் இல்லம் தேடிக் கல்வி, 2023-இல் பாட வீடியோக்கள் உள்ள மணற்கேணி செயலி. எல்லாம் நல்ல சரக்குதான், மணற்கேணியில் சில பாடங்களை நானே ரசித்துப் பார்த்திருக்கிறேன். இத்தனை வந்தும், டைம்டேபிளில் அதற்கென்று ஒரு பீரியட் மட்டும் வரவில்லை. லிங்க் அனுப்பியாயிற்று என்று பதிவேட்டில் ஏற்றியதும் வேலை முடிந்துவிடுகிறது. டீச்சர்களும்தான் என்ன செய்வார்கள், எமிஸ் என்ற பள்ளிக்கல்வித் துறை இணையதளத்தில் விவரம் ஏற்றவே நேரம் சரியாக இருக்கிறது. சர்வர் படுத்த நாளில் அவர்களும் என் கடைக்குத்தான் வருகிறார்கள். பி.எட். முடித்து, டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வும் பாஸ் செய்துவிட்டு அவர்களுக்கு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்க நான் இருக்கிறேன். காலிப் பணியிடங்களில் ஆள் போட்டிருந்தால் தேல்ஸ் தேற்றத்துக்கு லிங்க்கே தேவைப்பட்டிருக்காது என்று சொல்ல வாய் வருகிறது.

மன்னிக்கவும், அது வேறு மனு.

அருள்கூர்ந்து ஒரு சுற்றறிக்கை போடுங்கள். ஆறு முதல் பத்து வரை ஒவ்வொரு வகுப்புக்கும் வாரம் இரண்டு பீரியட் லேப். வகுப்பில் அந்த வாரம் நடக்கும் அதே பாடத்தின் வீடியோ, கூடவே பாட ஆசிரியர். வீடியோக்களை முன்கூட்டியே இறக்கிப் பள்ளிக் கணினியில் வைத்துக்கொண்டால் நெட் போனாலும் வட்டம் சுற்றாது. மத்தியான இடைவேளையில் பாடம் விட்ட பிள்ளைகளுக்கு லேப் திறந்திருக்கட்டும். வீட்டில் போன் இல்லாத பிள்ளைக்கு லிங்க்கை வீட்டுப்பாடமாகக் கொடுக்கக் கூடாது, பார்க்காததற்கு வெளியே நிறுத்தவும் கூடாது என்று எழுத்தில் வரட்டும். பயன்படுத்தும்போது பழுதானால் தலைமை ஆசிரியர் தலையில் கட்ட மாட்டோம் என்ற வரியையும் மறக்காமல் சேருங்கள். அந்த வரி இல்லாவிட்டால் மற்ற வரிகளுக்குச் சாவி கிடைக்காது.

காலாண்டுத் தேர்வுக்கு முன்னால் இது நடந்தால் நல்லது. சுற்றறிக்கை வந்தால் நகல் எடுத்துப் பக்கத்துப் பள்ளிகளுக்கெல்லாம் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன், ஜெராக்ஸுக்குக் காசு வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
உசிலம்பட்டிப் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரன்