ஃபில்டர் விளக்கு எரிந்தால் "சென்சார் கோளாறு" என்று சொல்லாதீர்கள்: பயோடீசல் விற்போருக்கு ஒரு திறந்த மடல்

பயோடீசல் தயாரிப்போருக்கும் கலந்து விற்போருக்கும்,

வணக்கம். பழைய டீசல் வண்டியில் முதன்முறையாக பி20யோ (20 சதவீதம் பயோடீசல் கலந்த டீசல்) பி100ஓ (முழுப் பயோடீசல்) நிரப்பிக்கொண்டு போகிறவர், சில நூறு கிலோமீட்டருக்குள் ஃபில்டர் விளக்கு எரிகிறதென்று திரும்பி வருகிறார். "சென்சார் கோளாறு" என்றோ, "ஓட்ட ஓட்டச் சரியாகிவிடும்" என்றோ அவரை அனுப்பிவிடுகிறார்கள். அந்தப் பதிலால் போவது, இன்ஜினுக்கு எரிபொருளைச் செலுத்தும் அவருடைய பம்ப். பழைய ரோட்டரி பம்புக்கு எரிபொருளே மசகு. ஃபில்டர் அடைத்தால் பம்ப் வெற்றிடத்தை இழுக்கும், உள்ளழுத்தம் இறங்கும், இன்ஜெக்ஷன் நேரம் பின்தங்கும், பம்பின் உள்ளே சுழலும் தகடுகள் (வேன்) தேயும். ஒரு ஃபில்டரின் விலையில் முடிய வேண்டிய வேலை பம்பைக் கழற்றுவதில் போய் முடிகிறது.

பயோடீசல் நல்ல கரைப்பான். பல வருடம் டேங்கின் அடியிலும் பைப்பின் உட்சுவரிலும் படிந்த பிசினைப் பெயர்த்து ஃபில்டரில் கொண்டுவந்து சேர்க்கும். இது உங்கள் எரிபொருளின் குறை அல்ல, ஆனால் நடக்கப்போவது உங்களுக்கு முன்பே தெரியும். ஆகவே முதல் நிரப்பலின்போதே சொல்லிவிடுங்கள்: டேங்கைக் கிட்டத்தட்டக் காலியாக்கி, அடியில் தேங்கியதை வடித்துவிட்டு நிரப்ப வேண்டும். பி100க்குத் தாவாமல் பி20இல் தொடங்க வேண்டும். வண்டியில் இரண்டு உபரி ஃபில்டர் இருக்க வேண்டும். 500 கிலோமீட்டருக்குள் ஒன்று, 2000க்குள் இன்னொன்று என மாற்றிவிடுவது எங்கள் பரிந்துரை. விளக்கு எரியும்வரை காத்திருக்க வேண்டாம்.

விளக்கு எல்லா வண்டியிலும் ஒரே சேதியைச் சொல்வதில்லை. சிலவற்றில் ஃபில்டர் கிண்ணத்தின் அடியில் மிதவையோ இரு மின்முனைகளோ இருக்கும். அவை காட்டுவது தண்ணீரை. சிலவற்றில் வெற்றிட சுவிட்ச். அது காட்டுவது அடைப்பை. ஏற்றத்தில் மட்டும் எரிந்து ஐட்லிங்கில் அணைந்தால் அடைப்பைச் சந்தேகிக்கலாம். பிரேக்கிலும் வளைவிலும் மினுக்கினால் தண்ணீர் கிட்டத்தட்ட மிதவை மட்டத்துக்கு வந்துவிட்டது.

எப்படியிருந்தாலும் முதல் வேலை வடிப்பதுதான். இன்ஜினை அணைத்து, அடித்திருகைத் தளர்த்தி, 100 முதல் 200 மில்லி வரை கண்ணாடிக் குப்பியில் பிடித்துக் கால்மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் தெளிவான தண்ணீர் தனியாக நின்றால் டேங்கில் தண்ணீர் இருக்கிறது. பழுப்புக் கசடு என்றால் டேங்க் கழுவப்பட்டுக்கொண்டிருக்கிறது, ஃபில்டரை மாற்றிவிட்டுத் தொடரலாம். பால்போலக் கலங்கித் தெளியாமல் இருந்தால் தண்ணீரும் தயாரிப்பில் மிஞ்சிய சோப்பும் குழம்பாகியிருக்கின்றன. அந்தப் பழி தயாரித்தவரைச் சேரும்.

இந்தக் குழம்புதான் எங்களுக்குப் பெரிய கவலை. சாதாரண டீசலைவிடப் பயோடீசல் பல மடங்கு தண்ணீரைத் தன்னுள் கரைத்து வைத்துக்கொள்ளும். தண்ணீரைப் பிரிக்கும் செப்பரேட்டரில் அது எளிதில் பிரியாது; விளக்கு எரியாமலேயே தண்ணீர் பம்புக்குப் போய்விடும். டேங்க் இரவில் குளிரும்போது கரைந்திருந்தது துளியாகி இறங்கும். ஐரோப்பிய தரநிலை இஎன் 14214 கிலோவுக்கு 500 மில்லிகிராம் தண்ணீரை அனுமதிக்கிறது. கழுவிய பின் சரியாக உலர்த்தாத சரக்கு அந்த வரம்பை எளிதில் தாண்டும்.

வெட்டிப் பார்த்த ஃபில்டரில் வெள்ளை மெழுகு இருந்தால், முதலில் குளிரை நினையுங்கள். பனையெண்ணெய்ப் பயோடீசல் சுமார் 13 முதல் 16 டிகிரியிலேயே கலங்கத் தொடங்கும். கடுகினத்து ரேப்சீட் எண்ணெயில் செய்தது பூஜ்யத்துக்குக் கீழே போகும்வரை தெளிவாக இருக்கும். எந்த எண்ணெயில் செய்தது என்று வாங்குபவருக்குத் தெரிய வேண்டாமா? வெதுவெதுப்பிலும் கரையாத படிவு என்றால் எண்ணெயைப் பயோடீசலாக்கும் வினை முழுமையடையாமல் பாதி மாறிய நிலையில் மிஞ்சிய மோனோகிளிசரைடைச் சந்தேகிக்க வேண்டும். எண்ணெய் முழுதாக மாறியதா என்று பார்க்க எளிய சோதனை உண்டு: 27 மில்லி மெத்தனாலில் 3 மில்லி பயோடீசலை விட்டுக் குலுக்கி, 20 டிகிரியை ஒட்டி அரைமணி வையுங்கள். அடியில் ஏதாவது இறங்கினால் மாறாத எண்ணெய் மிச்சமிருக்கிறது. மோனோகிளிசரைடை இது பிடிக்காது, அதற்கு ஆய்வகம் வேண்டும். மெத்தனால் நஞ்சு, எளிதில் தீப்பற்றும். கையுறையோடு, காற்றோட்டத்தில் செய்யுங்கள்.

ரப்பரைப் பற்றியும் சொல்லி அனுப்புங்கள். 1990களின் நடுப்பகுதிக்கு முந்தைய வண்டிகளில் நைட்ரைல் ரப்பரில் செய்த ஹோஸும் ஓ-ரிங்கும் அதிகம். பயோடீசல் அதிகமுள்ள கலவையில் அவை உப்பி மிருதுவாகும், சப்ளை பக்கம் ஏர் பிடிக்கும். இதன் அறிகுறி அடைப்பைப் போலவே இருக்கும்: இழுவை குறையும், காலையில் ஸ்டார்ட் ஆகாது. பம்புக்கு முன் ஓர் அடி ஒளிபுகும் ஹோஸைப் போட்டுக் குமிழி வருகிறதா என்று பார்த்தால் அடைப்பா, ஏரா என்று தெரிந்துவிடும். மாற்றுவதானால் பயோடீசலைத் தாங்கும் விட்டான் வகை ரப்பர். பித்தளை, செம்பு இணைப்புகளையும் எடுத்துவிடுவது நல்லது. அவை பயோடீசல் கெடுவதை வேகப்படுத்தும்.

புது ஃபில்டரில் கையால் எரிபொருளை ஊற்றி மாட்டச் சொல்லாதீர்கள். ஊற்றியது வடிகட்டப்பட்ட பக்கத்தில் விழுந்தால் அதிலுள்ள தூசி நேரே பம்புக்குப் போகும். கையால் எரிபொருளை ஏற்றும் ஹேண்ட் பிரைமரை அது கல்லாகும்வரை அழுத்தி, ஏரை வெளியேற்றும் பிளீட் திருகில் குமிழி நின்றபின் ஸ்டார்ட் செய்யட்டும்.

உங்களிடம் கேட்பது இவைதான்: கலவை எத்தனை சதவீதம், எந்த எண்ணெய், எந்தத் தேதியில் தயாரித்தது என்று நீங்கள் விற்கும் பம்பிலேயே ஒட்டுங்கள். சேமிப்புத் தொட்டியின் அடித்தண்ணீரை வாரந்தோறும் வடியுங்கள், நாசிலுக்கு முன் 10 மைக்ரான் ஃபில்டர் வையுங்கள். விளக்கு எரிகிறதென்று வருபவரிடம் குப்பியில் வடித்ததைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அது பால்போலிருந்தால் அந்தச் சரக்கை விற்பதை அன்றே நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
டீசல் பம்பும் இன்ஜெக்டரும் பழுதுபார்ப்போர்