நாள் மாறிய கல்யாணத்துக்குத் துணை நின்றவர்களுக்கு

அன்புடையீர்,

வணக்கம். சென்ற ஆண்டு வைகாசியில் மகளுக்குத் திருமணம் என்று வீடு வீடாக வந்து பத்திரிகை வைத்துவிட்டு, கொரோனா ஊரடங்கால் ஒரே மாதத்தில் “தயவுசெய்து வர வேண்டாம்” என்று போன் செய்த குடும்பம் எங்களுடையது. மூன்று முறை நாள் மாறி, அந்தத் திருமணம் ஆவணியில் எங்கள் வீட்டு வாசல் பந்தலில் நல்லபடியாக நடந்தது. உதவியவர்களை நேரில் பார்த்து நன்றி சொல்ல அப்போது வழியில்லாததால், இந்தத் தை மாதத்தில் எழுத்தில் சொல்கிறேன்.

2020 மார்ச் 24 மாலை 6 மணிக்கு 144 தடை உத்தரவு நடைமுறைக்கு வந்தபோது, எங்கள் கொலுசுப் பட்டறையின் வெள்ளியில் பாதிக்கு மேல் பட்டறையில் இல்லை. சிவதாபுரத்துத் தொழிலை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. எடை போட்டுக் கொடுத்தனுப்பும் வெள்ளியைப் பெண்கள் வீட்டில் வைத்துக் கண்ணி கோர்த்து, எடை போட்டே திருப்பித் தருவார்கள். பனங்காட்டிலிருந்து வந்து வேலை எடுத்துப் போகும் ஓர் அம்மாவிடம் 1 கிலோ 840 கிராம் இருந்தது. அவருடைய கணவருக்கு லீ பஜாரில் மூட்டை தூக்கும் வேலை; அதுவும் குறைந்துவிட்டது. ரேஷனில் கிடைத்த அரிசியையும் அரசு கொடுத்த 1,000 ரூபாயையும் வைத்து அவர்கள் எப்படி ஓட்டினார்கள் என்று நான் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும்.

ஜூன் தொடக்கத்தில் அவர் பட்டறைக்கு வந்து, அரிசி டிரம்மில் புதைத்து வைத்திருந்த பொட்டலத்தைத் தராசில் வைத்தார். சில கிராம் குறைந்தது. உடனே முந்தானையில் முடிந்திருந்த காகித மடிப்பு ஒன்றைப் பிரித்தார். கோர்க்கும்போது உதிர்ந்த துணுக்குகளையும் பொடியையும் கூட்டி எடுத்துச் சேர்த்து வைத்திருந்தார். அதையும் தட்டில் கொட்டியதும் முள் சரியாக நின்றது. வெள்ளி விலை ஏறத் தொடங்கிய நேரம் அது. மார்ச்சில் ஒரு கட்டத்தில் கிலோ 40,000 ரூபாய்க்குக் கீழே இருந்தது, ஆகஸ்டில் 70,000 ரூபாயைத் தாண்டியது. அதை அடகு வைத்திருந்தால்கூட நான் குறை சொல்லியிருக்க முடியாது. அம்மா, அன்று உங்களுக்குக் கூலியைக் கொடுத்தேனே ஒழிய, வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்த மடலில் முதல் நன்றி உங்களுக்குத்தான்.

அடுத்தது எங்கள் சமையல்காரருக்கு. 1,200 பேருக்குச் சமைக்க ஒப்புக்கொண்டு முன்பணம் வாங்கியிருந்தவர், சேலத்தில் ஏப்ரல் 26 முதல் 28 வரை போட்ட முழு ஊரடங்கு முடிந்த மறுநாளே வந்து, கேட்டுக்கு வெளியே நின்றபடி அந்தப் பணத்தை ஒரு கவரில் போட்டுச் சுவர் மேல் வைத்துவிட்டுப் போனார். வருமானமே இல்லாத கோடையில் அதைத் திருப்பிக் கொடுக்கும்படி அவரை நான் கேட்கவில்லை. (மண்டபத்துக்குக் கொடுத்த முன்பணத்தில் பாதிதான் வந்தது, அந்த வழக்கை இங்கே அவிழ்க்கப் போவதில்லை.) ஆவணியில் அவரும் அவர் மனைவியுமாக வந்து சமைத்து, மளிகைச் செலவுக்கு மேல் ஒரு ரூபாய் வாங்க மறுத்துவிட்டார்கள்.

சம்பந்தி வீட்டார் ஏற்காட்டுக்கு அருகே ஒரு மலைக் கிராமத்தில் இருப்பவர்கள். கோவிலில் தாலி கட்டலாம் என்றால் பெரிய கோவில்கள் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வைக்கலாம் என்றால் ஜூலை, ஆகஸ்டு ஞாயிறுகளில் தளர்வில்லா ஊரடங்கு. ஒவ்வொரு முறையும் நான் தயங்கித் தயங்கிப் போன் செய்ய, “நீங்க சொல்லுங்க சம்பந்தி, நாங்க இறங்கி வர்றோம்” என்பதைத் தவிர அவர்கள் வேறெதுவும் சொன்னதில்லை. பெங்களூரிலிருந்து இ-பாஸ் வாங்கி வந்த மாப்பிள்ளை வீட்டுத் தனிமையில் இருந்த 14 நாளும், அந்த வீட்டுக்கு நடந்தே வந்து விசாரித்துப் போன சுகாதார ஊழியருக்கும், பேருந்து ஓடாத நாளில் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி அவர்களைத் தன் ஜீப்பில் இறக்கிக் கொண்டுவந்த மலைக்கார நண்பருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

ஐம்பது பேருக்கு மேல் கூடாது என்ற விதியில் ஐயரும் போட்டோகிராபரும் சேர்த்தியா என்று எங்கள் வீட்டில் நடந்த வாதம் தனிக் கதை. அந்தக் கணக்கில் விடுபட்டுப்போன எங்கள் தெருவார், கோபப்படாமல் அவரவர் வாசலில் நின்றே அட்சதை போட்டார்கள். தாய்மாமன் முறை செய்ய வேண்டிய என் மைத்துனரோ வெளிமாவட்டத்திலிருந்து வர முடியாமல் வீடியோவில்தான் பார்த்தார். மாமா, உங்கள் சீர்த்தட்டு இன்னும் பாக்கி இருக்கிறது. உங்கள் தங்கை நினைவுபடுத்தச் சொன்னாள்.

கொடுக்காமல் மிஞ்சிய வைகாசிப் பத்திரிகைகள் ஒரு கட்டு பட்டறையில் இருக்கின்றன. நல்ல தடித்த தாள். அவற்றின் பின்பக்கத்தில்தான் இப்போது எடைக் கணக்கு எழுதிக் கொடுத்தனுப்புகிறோம்.

இங்ஙனம்,
பெண்ணின் தகப்பன்,
சிவதாபுரம், சேலம்.
தை, 2021